பேரில்லாத வேலைக்கு ஒரு பொட்டலம்

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கியிருந்த சமயம். நான் பதினோராம் வகுப்பில், அதாவது அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சயின்ஸ் டீச்சருக்குத் திடீரென்று ஒரு புதுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். படிப்பு முடிக்கப்போகிற பெண்களுக்கு, மேலே என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று அவர் வழி சொல்ல வேண்டுமாம். அதற்காக அவரை மெட்ராஸுக்கு ஏதோ பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது தெளிவாகப் போன டீச்சர் வரும்போது குழம்பிப்போய் வந்தார். அந்தக் குழப்பத்தை எங்களுக்கும் வஞ்சனையில்லாமல் பங்கு வைத்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் எங்களை ஒவ்வொருவராக லேபுக்குக் கூப்பிட்டார். லேப் என்று பெயர்தான். ஒரு நீள மேசை, ஒரு தராசு, பூட்டியே கிடக்கும் ஒரு கண்ணாடி பீரோ. எனக்கு முன்னால் போனவள் வெளியே வந்து, "நர்ஸ் டிரெயினிங் போவச் சொன்னாங்கடி" என்றாள். அதற்கு முன்னால் போனவளுக்கு டீச்சர் டிரெயினிங். இன்னொருத்திக்கு டைப்ரைட்டிங். எல்லோரும் பிரசாதம் வாங்கிய முகத்தோடு வந்தார்கள். கணக்கில் வகுப்பில் முதலாவது நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. எனக்கு என்ன கிடைக்குமோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

டீச்சர் என்னை நெடுநேரம் பார்த்தார். "உனக்கு எதைச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

"சயின்ஸும் டெக்னாலஜியும் போற வேகத்துல, இன்னைக்கு இருக்கற வேலை நீ பெரியவளாகும்போது இருக்குமான்னு சொல்ல முடியாது. வரப்போற வேலைக்கெல்லாம் இன்னும் பேரே வைக்கல. அதனால ஒரே வேலையை மனசுல வச்சுக்கிட்டுப் படிக்காதே. எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பிக்கிற மாதிரி படி."

"அதுக்கு என்ன படிக்கணும் டீச்சர்?"

"காலேஜ்ல ஒரு வருஷம் பி.யூ.சி. சேர்ந்து கணக்கு குரூப் எடுக்கலாம். மெட்ராஸ்ல பொண்ணுங்களுக்குன்னே பாலிடெக்னிக் இருக்கு, அங்க போகலாம். டீச்சர் டிரெயினிங் போனாலும் தப்பில்ல. டைப்ரைட்டிங் கத்துக்கிட்டா அது எங்கயும் உதவும்."

"இதுல எது டீச்சர்?"

"அதான் சொன்னேனேம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கோபம் கோபமாக வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஊர்ப்பெயர் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டு, எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள் என்று சொன்ன மாதிரி இருந்தது. நன்றாகப் படித்ததற்கு இதுவா கூலி? மக்காகப் படித்திருந்தால் எனக்கும் ஒரு ஊர்ப்பெயர் கிடைத்திருக்கும்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டு வரும். அதற்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் தறிக்குழியில் உட்கார்ந்து, குறுக்கு நூல் சுற்றிய நடுநாடாவைத் தள்ள, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தரவேண்டும். அந்த ஒருவர் நான். பள்ளிக்குப் போவதற்கு முன்னாலும் வந்த பிறகும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். அம்மாவுக்குக் கிட்டத்தில் இருக்கும் இழை கண்ணுக்குத் தெரியாது. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் நைனாவின் கூலியில் பாதியை அந்த ஆளே கொண்டுபோய்விடுவார். ஆக, நான் மேலே படிக்கப்போனால் தறிக்கு யார் என்பதுதான் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

அன்று சாயங்காலம் நாடாவை வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர் இன்னா சொன்னாங்க?" என்றார் நைனா.

"பேரே வைக்காத வேலைக்குத் தயாரா இருக்கணுமாம்."

நாடா நின்றது. "பேரே வைக்கலன்னா, அப்டி ஒரு வேலை இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"இப்ப இல்ல நைனா. இனிமேதான் வருமாம்."

"வராம பூட்டா?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வராத வேலைக்குப் போறதுக்கு எதுக்குடி படிக்கணும்? சும்மா குந்திக்கினு இருந்தாலே போதுமே."

அம்மா எப்போதும் இப்படித்தான். அவள் பேச்சில் எது கிண்டல், எது நிஜம் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நைனா "போகாதே" என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அழுது அடம்பிடித்து, சோறு வேண்டாம் என்று படுத்திருப்பேன். அதற்கெல்லாம் நான் தயாராகவே இருந்தேன். அவரோ "வராம பூட்டா?" என்று கேட்டார். அதற்குத்தான் நான் தயாராக இல்லை. எனக்குப் படிக்கவேண்டும், அது மட்டும் தெளிவு. தறியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவள் நான். ஆனால் அது என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது?

பரீட்சை எழுதி முடித்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒரு நாள் பி.யூ.சி. என்பேன். மறுநாள் பாலிடெக்னிக் என்பேன். டீச்சர் டிரெயினிங் போனால் என்ன என்று ஒரு நாள் தோன்றும், அன்று முழுக்க நிம்மதியாக இருக்கும், மறுநாள் காலையில் அது போய்விடும். நைனா தெருவில் நான்கு பேரிடம் விசாரித்தார். இன்ஜினியருக்குப் படித்தவர்களே வேலையில்லாமல் சுற்றுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். பெண் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு என்று இன்னொருவர் கேட்டார். விசாரித்துவிட்டு வந்த நைனாவின் முகம் போனபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

கடைசியில் ஒரு நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது நம்ம அறிவுக்கு எட்டாது. குமரக்கோட்டத்துல பூ வச்சுப் பாத்துடலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் முடிவுக்கு வராத எதற்கும் இதுதான் வழி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து முருகன் காலடியில் வைப்போம். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அத்தை கல்யாணம் அப்படித்தான் முடிவானது. சித்தப்பா ஆரணியில் போய் நெய்ய நினைத்தது அப்படித்தான் நின்றுபோனது. ஆனால் அதெல்லாம் ஆமா, இல்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்விகள். டீச்சர் கொடுத்ததோ நான்கு.

"நாலு பூ வைக்கணும்" என்றார் நைனா. அவரும் அம்மாவும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்தார்கள். பி.யூ.சி.க்கு வெள்ளை நந்தியாவட்டை. பாலிடெக்னிக்குக்குச் செவ்வரளி. டீச்சர் டிரெயினிங்குக்கு மஞ்சள் சாமந்தி. டைப்ரைட்டிங்குக்கு எந்தப் பூ என்று தகராறு வந்து, கடைசியில் நீலச் சங்குப்பூ என்று ஆனது. சுவரில் சாய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இவ்வளவு படித்து, என் தலையெழுத்து ஒரு சங்குப்பூவிலா இருக்கிறது?

"டீச்சர் முக்கியமா சொன்னதை வுட்டுட்டீங்களே" என்றேன் வேண்டுமென்றே. "அந்தப் பேரில்லாத வேலைக்கு எந்தப் பூ?"

நைனா அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. வாழையிலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தீவிரமாக யோசித்தார்.

"பேரே இல்லாததுக்குப் பூ எதுக்கு? காலிப் பொட்டலம் வைங்க" என்றாள் அம்மா.

நைனா வைத்தார்! ஐந்தாவதாக ஒரு இலையை எடுத்து, ஒன்றும் வைக்காமல் மடித்தார். தட்டையாக இருந்தால் குருக்களின் கை கண்டுபிடித்துவிடும், அது நியாயம் ஆகாது என்று வாயால் ஊதி, மற்றதைப் போல உப்ப வைத்து நாரால் கட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கிருத்திகையன்று காலையில் மூவரும் குமரக்கோட்டம் போனோம். கோயிலில் நல்ல கூட்டம். குருக்கள் தட்டை வாங்கி, "என்னப்பா, அஞ்சு இருக்கே?" என்றார். "பொண்ணு படிப்பு விஷயம் சாமி, நெறைய வழி இருக்குது" என்றார் நைனா. குருக்கள் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்து, தீபாராதனை காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து நைனாவின் கையில் போட்டார். வெள்ளை, வெள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் வெள்ளையைத்தான் விரும்புகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நார் அவிழ்ந்தது. இலை விரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பூ கீழ விழுந்துடுத்து போலருக்கே" என்று குருக்கள் குனிந்து தேடினார். அவர் தேடுவதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் தேடினார்கள். "கம்மல் திருகா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "திருகு விழுந்துடுச்சாம், யாரும் மிதிக்காதீங்க" என்று இன்னொருவர் கூட்டத்தை நிறுத்தினார். ஊரே என் எதிர்காலத்தைத் தரையில் துழாவிக்கொண்டிருந்தது. நைனா மட்டும் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு குருக்களின் காதருகில் போய் விஷயத்தைச் சொன்னார்.

"காலியா ஒரு பொட்டலமா? அப்படி யாராவது வைப்பாளா?" குருக்களுக்கும் தர்மசங்கடம்தான். எடுத்தது அவர் கை அல்லவா. கொஞ்சம் யோசித்து, "சரி, காலின்னா எதுவும் வேண்டாம்னு அர்த்தம். பொண்ணு வீட்டோடயே இருக்கட்டும்" என்றார்.

எல்லாம் முடிந்துவிட்டது. சாமியே சொன்ன பிறகு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த ஐந்தாவது பொட்டலமே வந்திருக்காதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

நைனா தலையைச் சொறிந்தார். "வீட்டோட இருக்கறதுக்கு நான் பொட்டலமே வைக்கலையே சாமி" என்றார்.

"அப்ப காலிக்கு என்னதான் அர்த்தம்?"

"அதான் எனக்கும் தெரியல. டீச்சரம்மாவைத்தான் கேக்கணும்."

"வேணும்னா இன்னொண்ணு எடுத்துப் பாக்கட்டுமா?"

"ஒருக்கா கேட்டா ஒருக்காதான் சாமி" என்று நைனா தட்டை வாங்கிக்கொண்டார்.

அம்மா வீட்டுக்குப் போனாள். நானும் நைனாவும் கோயிலிலிருந்து நேராகச் சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்தோம். டீச்சர் வீடு வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். வெயில் ஏறிவிட்டது. டீச்சர் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். நைனா தட்டிலிருந்து அந்த வெறும் இலையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதுக்கு இன்னா படிக்கணும் டீச்சரம்மா?"

பிரசாதம் என்று நினைத்து டீச்சர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அய்யா, நான் மெட்ராஸ்ல கேட்டதைத்தான் சொன்னேன்" என்றார். "அந்த வேலையெல்லாம் என்னன்னு அங்க பாடம் எடுத்தவர்கிட்டயே கேட்டேன். வந்தா தெரியும்னார். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுங்களா?"

"தெரியாது. கணக்கும் பௌதிகமும் படிச்சிருந்தா, அது என்னவா இருந்தாலும் கத்துக்கறது கொஞ்சம் சுலபமா இருக்கும்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்."

"அப்ப பி.யூ.சி. கணக்கு" என்றார் நைனா.

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

டீச்சர் என்னை ஒரு முறை பார்த்தார். "ஆமாங்க. சேர்த்துடுங்க" என்றார்.

தெருமுனை திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "சாமியும் ஒண்ணும் சொல்லல. டீச்சரும் தெரியாதுன்னுட்டாங்க. இதுல நீங்க இன்னாத்த கண்டீங்கன்னு முடிவு பண்ணீங்க நைனா?" என்று கத்தினேன். நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். ஆனால் இப்படிக் குருட்டாம்போக்கில் கிடைத்ததை எப்படி நம்புவது?

"எனக்குந்தான் ஒண்ணும் புரியல. அதுக்கு இன்னா பண்றது? வெயிலு ஏறுது, நட" என்றார்.

டீச்சர் சொன்னது சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த எழுபதுகள் முடிவதற்குள்ளேயே மெட்ராஸில் ஓர் அலுவலகத்தில், கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டைகளில் ஓட்டை போடும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த வேலையும் நிலைக்கவில்லை, வேறொன்று கற்றுக்கொண்டேன். கணக்கு உதவியது என்று சிலர் சொல்வார்கள். தெரியாததைக் கண்டு பயந்து ஓடாமல் நின்றதுதான் உதவியது என்று எனக்குத் தோன்றும். இரண்டில் எது என்று கேட்டால் மறுபடியும் குழப்பம்தான்.

பள்ளி முடித்த அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஊரிலேயே பெண்கள் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் நாள் முழுக்க இங்கிலீஷில் பாடம். பௌதிகம் எடுத்த அம்மா என்ன சொன்னார் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் எழுதியதைப் பார்த்து எழுதினேன். அவளும் என்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் உடை மாற்றிக்கொண்டு தறியில் உட்கார வேண்டும், அதையும் நினைத்து எரிச்சல்.

தெருவில் திரும்பும்போதே தறிச்சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறி என்று நினைத்தேன். கோர்வைத் தறி ஒவ்வொரு இழைக்கும் நின்று, வாங்கி, கொடுத்துத்தான் போகும். இந்தச் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது எங்கள் தறி என்று புரிந்தது.

உள்ளே நைனா தனியாக நெய்துகொண்டிருந்தார். தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏறியிருந்தது. கரையும் உடலும் ஒரே நிறம். கோர்வை இல்லாத, ஒருவரே நெய்துவிடக்கூடிய, கூலி குறைந்த சேலை. கோர்வையில் அவருக்கு ஈடாகக் கைதேர்ந்தவர்கள் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர்கூட இல்லை. கல்யாணச் சேலை என்றால், பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்கிற முதலாளியே வீடு தேடி வந்து அவரிடம் கொடுப்பார். அந்த மனிதர், புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் நெய்கிற சேலையை நெய்துகொண்டிருந்தார்.

நான் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், "முதலாளி ஏன் கோர்வைப் பாவு தரல? நைனாவோட சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவருதான் வேணாம்னாரு" என்றாள் அம்மா. "பொங்கலுக்குக் கூலி வாங்கப் போனப்பவே சொல்லி வச்சிட்டாரு, எம்பொண்ணு படிக்கப் போவுது, அதுக்கப்புறம் நாடா வாங்க ஆளு இல்ல, எனக்குக் கோர்வை வேணாம்னு."

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பொங்கல் என்றால் டீச்சர் என்னை லேபுக்குக் கூப்பிடுவதற்கும் முன்னால். பூவும் பொட்டலமும் எங்கள் பேச்சிலேயே இல்லாத நாள். நான் என்ன படிக்கப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே போய் அந்த மனிதர் தன் கோர்வையை விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். குருக்கள் வீட்டோடு இருக்கட்டும் என்று சொன்னபோது, சரி சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

தறியருகே போய் நின்றேன். "ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"நீயே இன்னா படிக்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு இருந்த. அதுல இது வேறயா?" என்றார் தலையைத் தூக்காமல்.

என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் என் இடத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். வாங்குவதற்கு என் பக்கம் நாடா எதுவும் வரவில்லை.